செக்ரோலில் ஏறாத வேலை

மலாய் நாட்டுத் தமிழர் சரித்திரம் எழுதப் புகுந்தோர் கப்பலையும் கங்காணியையும் ரப்பர் விலையையும் பற்றி ஏராளமாக எழுதிவிட்டனர். படுக்கையில் விழுந்தோரைத் தோட்டத்து லயத்தில் பேணியவர் யார், அதன் பொருட்டு அவர் இழந்தது என்ன என்பதைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. காரணம் தெளிவானது. தோட்டத்தின் சரித்திரம் தோட்டத்துக் கணக்குப் புத்தகங்களைக் கொண்டு எழுதப்படுகிறது. காய்ச்சலில் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, உடல் துடைத்து, துணி மாற்றிய பெண் அப்புத்தகத்தில் அன்று 'பெரட்டுக்கு வராதவள்' மட்டுமே. செக்ரோல் எழுதும் கிராணிமாராகிய நாம் இதனை நன்கு அறிவோம்.

நம் ஜாசின் வட்டாரம் இச்சரித்திரத்தில் பழைய இடம் பெற்றது. 1896ஆம் வருஷத்தில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட டான் சாய் யான், பிறகு அசகானில் பெருந்தோட்டம் திறந்தார். தோட்டங்கள் பெருகவே ஆட்கள் தேவைப்பட்டனர். துரைமாருக்கு வேண்டியது மரம் சீவும் கைகளே. பெற்றோரும் பாட்டன்மாரும் அக்கரையிலேயே நின்றுவிட்டதால், கிராமத்தில் பலர் பகிர்ந்துகொண்ட பேணுதல் என்னும் சுமை இங்கே ஓர் அறைக்குள் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. 1920களின் இறுதியில் தென்னிந்தியத் தொழிலாளருக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி பல பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வீட்டில் ஒருவர் நிற்க வேண்டுமாயின் குறைந்த கூலிக்காரர் நிற்பதே கணக்கு. இதனைக் குலதர்மம் என்று கூறிய பெரியோர் அந்தப் பத்துக் காசு வித்தியாசத்தைக் கவனித்ததில்லை!

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூற மாட்டோம். யுத்தத்துக்கு முந்திய தொழிலாளர் சட்டங்களால் தோட்டங்களில் ஆஸ்பத்திரியும் டிரஸ்ஸரும் குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகையும் ஏற்பட்டன. ஆயாக் கொட்டகை ஏன் கட்டப்பட்டது? குழந்தையை ஆயாவிடம் விட்டால் தாயின் இரு கைகளும் மரத்துக்குக் கிடைக்கும். கிழவனைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு கொட்டகை எழுப்பியிருந்தால் அங்கும் இரு கைகள் விடுதலையாகியிருக்கும். ஆனால் கிழவன் வருங்காலத் தொழிலாளி அல்லவே.

1907ஆம் வருஷத்தில் ஏற்பட்ட குடியேற்ற நிதி, முதலாளிமாரிடம் தொகை வசூலித்து ஆட்களின் கப்பற் செலவை ஏற்றது. தளர்ந்து போனவர்களுக்குக் கோலாலம்பூரில் ஓர் இல்லமும் அதன் செலவில் நடந்தது. உழைக்கவியலாதோரைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் அதன் தருமங்களில் ஒன்று. 1930க்குப் பின் வந்த விலை வீழ்ச்சியில் பல்லாயிரவர் இவ்வாறு அனுப்பப்பட்டனர். கப்பலிலிருந்து இறங்கியவரை யார் பேணுவார் என்பது நிதியின் கணக்கில் இல்லை. 1958இல் அந்நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதியென மாறி, 1999இல் கலைக்கப்பட்டது.

ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆண்கள் கொண்டுசெல்லப்பட்ட வீடுகளில் நோயாளியும் குழந்தைகளும் பெண்களின் கையிலேயே விடப்பட்டனர். யுத்தம் முடிந்து 1946இல் சமூகநல இலாகா தோன்றிற்று; 1951இல் சேமநிதி; 1969ஆம் வருஷத்துச் சட்டப்படி சொக்சோ. முற்றிலும் செயலிழந்த தொழிலாளிக்கு எப்போதும் ஒருவர் துணை வேண்டுமாயின், சொக்சோ அதற்கெனத் தனிப்படி அளிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அவ்வுரிமை சந்தா கட்டிய தொழிலாளியுடையது. சந்தா கட்டாத தாய் வாதத்தில் விழுந்தால், வேலையை விட்டு அவளைப் பேணும் மகளுக்கு அதில் வழியில்லை. கூலி நின்ற நாளிலேயே கூலியிலிருந்து மகளின் சேமநிதிக்குச் செல்லும் சந்தாவும் நின்றுவிடும்.

ஆங்கில நாடும் இவ்விஷயத்தில் வெகுகாலம் கண்மூடியே இருந்தது. பெற்றோரைப் பேண வேலையை விட்ட மேரி வெப்ஸ்டர் என்ற பெண் போதகர், தம் போன்ற மணமாகாத பெண்களுக்காக 1965இல் ஒரு சங்கம் நிறுவினார். 1976இல் பேணுவோர்க்கு உதவித்தொகை வந்தது. மணமான பெண்களுக்கு மட்டும் இல்லை! அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது நியாயம். தாயைப் பேண வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் வழக்காடி, 1986இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் அந்நியாயத்தை முறியடித்தார். மனுதர்மம் நம்மவரின் தனிச் சொத்தன்று போலும்.

இங்கே படுத்த படுக்கையானோரைப் பேணுவதற்கு நல இலாகா வழங்கும் மாத உதவி 2021இல் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வீட்டுவேலையில் நேரும் விபத்துக்கும் முடத்துக்கும் ஈடளிக்க, இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்தது. இவற்றை அறியாத குடும்பங்கள் இன்னும் உள்ளன. அறிந்தோருக்கும் வைத்தியர் சான்று, வருமானச் சான்று, மலாய் மொழிப் பாரம் என்று அலைச்சல் உண்டு. நோயாளியைத் தனியே விட்டு ஜாசின் பட்டணத்துக்கு அரைநாள் போய் வருவது எங்ஙனம்? தேர் இழுக்க நூறு பேரைத் திரட்டும் ஆலய நிர்வாகங்கள், அந்த அரைநாள் நோயாளியின் அருகே உட்கார ஓர் ஆளைத் தரலாகாதா? விசாரணைக்கு வீடு தேடி வரும் நல அதிகாரியிடம் பேணுகிறவளின் நிலையையும் சேர்த்துச் சொல்ல, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உடனிருக்கலாகாதா?

இத்தனைக்கும் அப்பால் நிற்போர் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் முதியோர். ஆயுள் முழுதும் இம்மண்ணில் பால் எடுத்தும் பிரஜாவுரிமை பெறாதவர்களாதலால், அவர்களுடைய பெயரால் இவ்வுதவிக்கு விண்ணப்பிக்க இயலாது. அவர்களைப் பேணும் பெண்மக்கள் கைப்பணத்திலேயே பேணி வருகின்றனர்.