ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வின் பேச்சு, எழுத்துப் பகுதிகள்

ஐ.ஈ.எல்.டி.எஸ். என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்களின் ஆங்கில மொழித்திறனை அளவிடும் பன்னாட்டுத் தேர்வு ஆகும். பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பதிப்பக மற்றும் மதிப்பீட்டு அமைப்பு ஆகியன இதன் கூட்டு உரிமையாளர்கள் ஆவர். வெளிநாட்டு உயர்கல்வி, வேலைவாய்ப்பு, குடியேற்றம் ஆகியவற்றுக்காக இத்தேர்வு எழுதப்படுகின்றது.

இத்தேர்வு கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளைக் கொண்டது. கேட்டலிலும் வாசித்தலிலும் ஒவ்வொரு வினாவுக்கும் சரியான விடை முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். எழுதுதலையும் பேசுதலையும் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் வெளியிடப்பட்ட அளவுகோல்களின்படி மதிப்பிடுகின்றனர். இக்கட்டுரை பின்னிரு பகுதிகளின் அமைப்பையும், அவற்றுக்கு ஆயத்தம் செய்யும் முறைகளையும் விளக்குகின்றது.

வரலாறு

இதன் முன்னோடியான ஈ.எல்.டி.எஸ். 1980 இல் அறிமுகமானது. 1989 இல் அது ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆக மாற்றியமைக்கப்பட்டது. துறைவாரியாக இருந்த வாசித்தல், எழுதுதல் வினாத்தாள்கள் 1995 இல் கைவிடப்பட்டன. பேச்சுத் தேர்வு 2001 இல் இன்றுள்ள மூன்று பகுதி வடிவத்தைப் பெற்றது. எழுத்துத் தேர்வின் மதிப்பீட்டு அளவுகோல்கள் 2005 இல் திருத்தப்பட்டன. இவ்விரு பகுதிகளுக்கும் 6.5, 7.5 போன்ற அரைப் புள்ளிகள் வழங்கும் வழக்கம் 2007 இல் தொடங்கியது.

புள்ளி முறை

ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 9 வரை 'பேண்ட்' எனப்படும் புள்ளி வழங்கப்படும். நான்கு பகுதிகளின் சராசரி, அருகிலுள்ள முழு அல்லது அரைப் புள்ளிக்கு மாற்றப்பட்டு மொத்தப் புள்ளி ஆகின்றது. சராசரி .25 இல் முடிந்தால் அடுத்த அரைப் புள்ளிக்கும், .75 இல் முடிந்தால் அடுத்த முழுப் புள்ளிக்கும் உயர்த்தப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் கேட்டலில் 7.5, வாசித்தலில் 7, எழுதுதலில் 6, பேசுதலில் 6.5 பெற்றால் சராசரி 6.75 ஆகும், மொத்தப் புள்ளி 7 எனக் குறிக்கப்படும். எனினும் பல நிறுவனங்கள் மொத்தப் புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. ஐக்கிய இராச்சியத்தின் செவிலியர், மகப்பேற்றுத் தாதியர் பேரவை கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகியவற்றில் தலா 7 புள்ளிகளையும், எழுதுதலில் 6.5 புள்ளிகளையும் கோருகின்றது. எழுதுதலுக்கான அளவு முன்னர் 7 ஆக இருந்து, 2018 டிசம்பரில் தளர்த்தப்பட்டது. மேற்கண்டவர் மொத்தத்தில் 7 பெற்றும் இத்தேர்வின் மூலம் அத்தகுதியை அடைய இயலாது. ஆகவே, விண்ணப்பிக்கும் நிறுவனம் ஒவ்வொரு பகுதிக்கும் கோரும் குறைந்தபட்சப் புள்ளியை முதலில் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

எழுத்துப் பகுதி

இதற்கு 60 நிமிடங்கள் வழங்கப்படும். இரண்டு பணிகள் உள்ளன.

முதற் பணி: குறைந்தது 150 சொற்கள், பரிந்துரைக்கப்படும் நேரம் 20 நிமிடங்கள். கல்விசார் தேர்வில் வரைபடம், அட்டவணை, செயல்முறைப் படம் போன்ற ஒன்றை விவரிக்க வேண்டும். எல்லா எண்களையும் அடுக்காமல், முதன்மைப் போக்கைத் தொகுத்துக் கூறி, அதற்குச் சான்றாகும் எண்களை மட்டும் தருதல் வேண்டும். சொந்தக் கருத்துக்கு இங்கு இடமில்லை. பொதுப் பயிற்சித் தேர்வில் இதற்குப் பதிலாகக் கடிதம் எழுத வேண்டும்.

இரண்டாம் பணி: குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை, பரிந்துரைக்கப்படும் நேரம் 40 நிமிடங்கள். இதற்கு முதற் பணியைப் போல் இரு மடங்கு மதிப்பு உண்டு. எனவே முதற் பணியில் நேரத்தைச் செலவிட்டு, இதனை அரைகுறையாக விடுவது பெரும் இழப்பாகும்.

வினாவுக்கு விடையளித்துள்ள அளவு, கருத்துகளின் ஒழுங்கும் தொடர்பும், சொல்வளம், இலக்கணத்தின் பரப்பும் துல்லியமும் ஆகிய நான்கும் சம அளவில் கணக்கிடப்படுகின்றன. பிரிட்டானிய, அமெரிக்க எழுத்துக்கூட்டல்கள் இரண்டும் ஏற்கப்படும். விடையைக் குறிப்புகளாக எழுதாமல் முழு வாக்கியங்களாக எழுத வேண்டும். கணினி வழித் தேர்வில் சொற்களின் எண்ணிக்கை திரையில் காட்டப்படும். தாளில் எழுதுவோர் தாமே கணக்கிட வேண்டும்.

பேச்சுப் பகுதி

இது மதிப்பீட்டாளருடன் நேரிலோ காணொளி அழைப்பிலோ நிகழும் 11 முதல் 14 நிமிட உரையாடல் ஆகும். உரையாடல் ஒலிப்பதிவு செய்யப்படும்.

1. அறிமுகம் (4-5 நிமிடங்கள்): வீடு, ஊர், படிப்பு, தொழில், விருப்பங்கள் பற்றிய எளிய வினாக்கள். ஒற்றைச் சொல்லில் விடையளிக்காமல், ஒரு காரணத்தையோ எடுத்துக்காட்டையோ சேர்த்துக் கூறுவது நன்று.
2. தனியுரை: தலைப்பு எழுதப்பட்ட அட்டை வழங்கப்படும். ஒரு நிமிடம் குறிப்பெடுத்து, ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் பேச வேண்டும். 'அடிக்கடி செல்லும் சந்தை' என்பது தலைப்பானால், இடம், விலைபேசிய நிகழ்வு, மணம், கூட்டம் என நான்கைந்து சொற்களைக் குறித்துக்கொண்டால் போதும். முழு வாக்கியங்கள் எழுத நேரம் இராது.
3. கலந்துரையாடல் (4-5 நிமிடங்கள்): அதே தலைப்பையொட்டிய பொதுவான வினாக்கள். 'பேரங்காடிகளால் சிறு கடைகளுக்கு என்ன நேரும்?' என்பது போன்றவை.

சரளமும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் அளவுகோல்கள் ஆகும். தெரிவிக்கப்படும் கருத்து சரியா தவறா என்பது மதிப்பிடப்படுவதில்லை.

மனப்பாட விடைகள்

மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வது பரவலாகக் காணப்படும் ஆயத்த முறை ஆகும். இது பெரும்பாலும் தேர்வரின் புள்ளியைக் குறைக்கின்றது. 'நகர மையங்களில் தனியார் வாகனங்களைத் தடை செய்ய வேண்டும் என்பதை எந்த அளவுக்கு ஏற்கின்றீர்?' என்பது வினா எனக் கொள்வோம். போக்குவரத்து நெரிசலின் காரணங்களும் தீர்வுகளும் பற்றிய கட்டுரையை மனப்பாடம் செய்தவர் அதனையே எழுதிவிடக்கூடும். அதில் பிழைகள் இல்லாதிருக்கலாம். ஆயினும் தடை வேண்டுமா, வேண்டாமா என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை. முதல் அளவுகோலில் அவர் புள்ளியை இழப்பார். பேச்சிலும் மனப்பாடப் பகுதிக்கும் இயல்பான பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை மதிப்பீட்டாளர் எளிதில் உணர்வார். எளிய சொற்களில் அமைந்த நேரடி விடை, பொருந்தாத அலங்காரத் தொடர்களைவிட மேலானது.

பயிற்சி முறைகள்

- இரண்டாம் பணிக்கான 40 நிமிடங்களில் முதல் 5 நிமிடங்களை வினாவைப் பிரித்துப் பார்க்கவும் திட்டமிடவும், இறுதி 5 நிமிடங்களைப் பிழை திருத்தவும் ஒதுக்குதல்.
- திருத்தப்பட்ட கட்டுரையை ஒதுக்கி வைக்காமல், அதே கட்டுரையை மீண்டும் எழுதுதல்.
- திரும்பத் திரும்ப நேரும் பிழைகளைத் தனிக் குறிப்பேட்டில் பதிதல்.
- இரண்டு நிமிடம் பேசிக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, மறுநாள் கேட்டு, தயங்கிய இடங்களைக் கண்டறிதல்.
- வெளியிடப்பட்டுள்ள புள்ளி விளக்க அட்டவணையுடன் தமது விடையை ஒப்பிடுதல்.

தமிழ் பேசுவோர் கவனிக்க வேண்டியவை

தமிழில் ஆங்கிலத்தில் உள்ளதைப் போன்ற சுட்டிடைச் சொற்கள் இல்லை. ஆகையால் 'எ', 'தி' ஆகியவை எழுத்தில் விடுபடுவது இயல்பு. 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் 'அபௌட்' தேவையற்றது. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பது 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' எனவும், 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்பது 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்' எனவும் அமைய வேண்டும்.

கட்டுதல், முதுகு, பை ஆகிய பொருள்தரும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் தமிழில் 'பேக்' என்றே எழுதுகின்றோம். ஒலிக்கும்போது இவற்றை வேறுபடுத்துவது அவசியம். 'எக்ஸாம்' என்பதை 'யெக்ஸாம்' என்றும், 'புக்' என்பதை 'புக்கு' என்றும் ஒலிக்கும் பழக்கத்தைக் கவனித்துத் திருத்தலாம். தமிழரின் ஒலிப்புச் சாயல் இருப்பதற்காகப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. பேச்சு எளிதில் புரிவதே முக்கியம். எனவே வெள்ளையரின் பேச்சைப் போலப் பாவனை செய்ய வேண்டியதில்லை.

மறுதேர்வு

பெறுபேறு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்கப்படுகின்றது. புள்ளியில் ஐயம் இருப்பின் கட்டணம் செலுத்தி மறுமதிப்பீடு கோரலாம். புள்ளி மாறினால் கட்டணம் திருப்பித் தரப்படும். கணினி வழியில் தேர்வு எழுதியவர்கள், வசதியுள்ள இடங்களில், ஒரு பகுதியை மட்டும் 60 நாட்களுக்குள் மீண்டும் எழுத இயலும். இவ்வாறு பெற்ற புள்ளியை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை என்பதால், முன்கூட்டியே விசாரித்து அறிதல் வேண்டும்.