பணியிடக் கற்றல்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

பணியிடக் கற்றல் என்பது, ஒரு தொழிலுக்கு வேண்டிய அறிவையும் கைத்திறனையும் அத்தொழில் நடக்கும் இடத்திலேயே, அதைச் செய்துகொண்டே பெறுவதாகும். விருதுநகர் மாவட்டத்தில் அடுத்தடுத்து அமைந்த ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும், முன்னது பஞ்சாலையாலும் பின்னது பால்கோவாவாலும், இதன் இரு வேறு முறைகளைக் காட்டுகின்றன.

பி. ஏ. சி. ராமசாமி ராஜா (1894–1962) 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் போன்ற நூற்பாலைகளில் அறிவின் பெரும்பகுதி எண்ணாக எழுதத்தக்கது. 40-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை நிற்கும் என்று பொருள். முறுக்கும் கழிவுப் பஞ்சும் இழை அறுபடும் விகிதமும் இவ்வாறே அளந்து பதியப்படுகின்றன. எழுதத்தக்க அறிவு ஆலை மதிலைத் தாண்டும் என்பதால், கோயம்புத்தூரில் 1956-இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் (சிட்ரா), தம்முள் போட்டியிடும் ஆலைகளின் உற்பத்தித்திறன் விவரங்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் தன் நிலையை ஒப்பிட்டறியச் செய்தது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், குறிப்பிட்ட தொழில்களில் பழகுநரை அமர்த்திப் பயிற்றுவதை நிறுவனங்களின் கடமையாக்கியது. 1963-இல் ராமசாமி ராஜாவின் பெயரால் ராஜபாளையத்தில் பாலிடெக்னிக் அமைந்தது. அவர் தொடங்கிய குழுமத்தைச் சேர்ந்த ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆய்வுப் பிரிவாக 1992-இல் தொடங்கிச் சென்னையில் வளர்ந்த ராம்கோ சிஸ்டம்ஸ், கொள்முதல் முதல் சம்பளம் வரை ஒரே பதிவில் இணைக்கும் மென்பொருளை உருவாக்கியது, அறிவை எழுத்தில் பதியும் இப்போக்கின் நீட்சியே எனலாம். ஆயினும் அறுந்த இழையைச் சுழலும் கதிரில் நொடியில் பிணைக்கும் விரல்வாகை எந்த அட்டவணையும் கற்பிப்பதில்லை. தேர்ந்த தொழிலாளியின் பக்கத்தில் நின்றே அது கைவருகிறது.

பால்கோவாவிலோ இந்த எழுதப்படாத பகுதியே தொழிலின் உயிர். பாலும் சர்க்கரையும் தவிர வேறு பொருள் இல்லாத அதில், தீயின் அளவையும் கிளறும் வேகத்தையும் பொறுத்தே பதம் அமைகிறது. இத்தகைய அறிவை 1966-இல் அறிஞர் மைக்கேல் பொலானி ‘உள்ளுறை அறிவு’ என்ற கருத்தால் விளக்கினார். தமிழ்ச் சமையற்கட்டு வெகுகாலமாகக் கைப்பக்குவம் என்றே அதைச் சொல்லிவந்துள்ளது. இவ்வறிவை உடனிருந்தே பெற வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1980-களில் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் ரொட்டி சுடும் இயந்திரத்தை வடிவமைக்கையில், மாவு பிசையும் நுட்பம் பிடிபடாமல், தன் பணியாளரை ஒசாகா ஓட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் பயில அனுப்பியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீட்டுக்கான விண்ணப்பம் செய்முறையை எழுத்தில் விவரித்தாக வேண்டும் என்பதால், கையிலிருந்த அறிவின் ஒரு பகுதி ஏட்டில் ஏறியது. சட்டியை எந்நொடியில் இறக்குவது என்பதைப் புதியவர் இன்னும் துடுப்புப் பிடித்தே கற்கிறார்.