அறுவைக்குப் பின் மங்கிய கண்: ஊன ஓய்வூதியமும் காரணத் தொடர்பும்

பணிக்காலத்தில் படை மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர், ஓய்வு பெற்றுத் தென்காசிக்கோ குற்றாலத்துக்கோ திரும்பிய சில ஆண்டுகளில் அதே கண்ணின் பார்வையை இழக்கிறார் என்று கொள்வோம். அவருக்கு ஊன ஓய்வூதியம் உண்டா? மருத்துவர் தவறு செய்தாரா என்று பார்த்தே பலரும் விடை சொல்லப் புகுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவன்று என்பது என் வாதம்.

ஓய்வூதிய விதிகள் கேட்பது வேறு: ஊனம் பணியால் விளைந்ததா, பணியால் மோசமானதா, 20 விழுக்காட்டை எட்டுகிறதா? 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகள் நிரூபிக்கும் சுமையை வீரர்மீது ஏற்றவில்லை. ஐயத்தின் பயனும் அவருக்கே. சேரும்போது பதிவாகாத நோயைப் பணியோடு தொடர்பற்றது என்று சொல்லும் மெடிக்கல் போர்டு அதற்குக் காரணம் எழுதியாக வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. விதிகள் 2008இலும் 2023இலும் மாறின. பழைய விதிகளின் கீழ் வருவோரைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

கண்ணின் இயல்பு இந்த வழக்குகளைச் சிக்கலாக்குகிறது. புரை அகற்றிய கண்ணில் விழித்திரை விலகும் அபாயம் பல ஆண்டுகள் நீடிக்கும். இளவயதில் அறுவை செய்துகொண்ட ஆண்களுக்கும் கிட்டப்பார்வை மிகுந்தோருக்கும் அது கூடுதல். படையில் இருக்கும்போதே புரை வந்தவர் பெரும்பாலும் இந்த வகையினர்தான். ஓய்வு பெறும் நாளில் பார்வைப் பலகையின் கடைசி வரிவரை படித்தவர் பின்னாளில் பார்வை இழந்தால், அன்றைய பரிசோதனைத் தாளே அவருக்கு எதிரான சாட்சியாக நீட்டப்படுகிறது. இது நியாயமில்லை. பணிச்சூழலால் தொடங்கிய நோய்ப்போக்கு தாமதமாக வெளிப்பட்டதென மருத்துவச் சான்று இருந்தால், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் எழும் கோரிக்கையை ஏற்க அதே விதிகள் இடம் தருகின்றன. விழித்திரை விலகலுக்கு இதைவிடப் பொருந்தும் விதி இல்லை.

அறுவையின் எல்லாப் பின்விளைவுக்கும் அரசு பணம் தருவதா என்று கேட்கலாம். அமெரிக்காவில் இக்கேள்வி 1994இல் பிரவுன் எதிர் கார்ட்னர் வழக்கில் எழுந்தது. அரசு மருத்துவமனைச் சிகிச்சையால் ஊனமுற்ற முன்னாள் வீரர் யாருடைய தவற்றையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். 1996இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, தவறு அல்லது எதிர்பாராத விளைவு என்ற நிபந்தனையைச் சேர்த்தது. அந்த வழியை நாம் பின்பற்றக் கூடாது. சீருடையில் இருப்பவர் மருத்துவரையோ மருத்துவமனையையோ தேர்ந்துகொள்வதில்லை. சிகிச்சையும் அவருடைய பணிச்சூழலின் பகுதியே.

தவறு நிரூபணமானால் தனி வழி உண்டு. 2002இல் சாம்பா படை மருத்துவமனையில் ஏற்றப்பட்ட இரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்றிய விமானப்படை வீரருக்கு, 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.54 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. ஓய்வுக்குப் பின் முதுமைப் புரைக்கு முன்னாள் படைவீரர் சுகாதாரத் திட்டத்தில் சிகிச்சை பெற்றவர், கவனக்குறைவால் பார்வை இழந்தால், நாட வேண்டியதும் இந்த வழியைத்தான். ஓய்வூதிய விதி அவருக்கு உதவாது.

தென்காசிக்காரருக்குத் தூரமும் ஒரு தடை. ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் நாட வேண்டிய படைத்துறைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில். பொதிகை எக்ஸ்பிரஸில் ஓரிரவுப் பயணம். தீர்ப்பாய ஆணையை உயர் நீதிமன்றங்கள் ஆராயலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியதால், அடுத்த கட்டத்துக்கு மதுரைக் கிளையை அணுக வழி திறந்திருக்கிறது. அங்கு செல்பவரின் கையில் அறுவைக் குறிப்பும், சேர்க்கைக்கால மருத்துவத் தாளும், போர்டின் முழு அறிக்கையும் இருக்க வேண்டும். ஓய்வு பெறும் நாளிலேயே இவற்றின் நகலைக் கேட்காமலே கொடுப்பது படையின் கடமையாக வேண்டும்.