கொல்லிமலை ஏன் அட்டவணைப் பகுதி இல்லை?

கொல்லிமலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். ஒன்றிய அரசின் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் இருக்கிறார்கள். மாநில அரசின் ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டமும் மலையில் நடக்கிறது. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை கொல்லிமலைக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டின் எந்த மலைக்கும் பொருந்தாது. ஏன்?

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சில பகுதிகளை மாகாண அமைச்சரவையிடமிருந்து முழுமையாகவோ பகுதியாகவோ விலக்கி, ஆளுநரின் பொறுப்பில் வைத்தது. சென்னை மாகாணத்தில் அப்படி விலக்கப்பட்டவை இலட்சத்தீவுகளும், கிழக்கு கோதாவரி, விசாகப்பட்டினம் ஏஜென்சிப் பகுதிகளும். சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலை அதில் இல்லை.

1949 செப்டம்பரில் அம்பேத்கர் ஐந்தாம் அட்டவணையை அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்தார். ஆனால் 1950இல் வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, சென்னையைப் பொறுத்தவரை வெள்ளையர் போட்ட கோட்டையே பின்பற்றியது. 1953இல் ஏஜென்சிப் பகுதிகள் ஆந்திரத்தோடு போயின. 1956இல் இலட்சத்தீவுகள் ஒன்றியப் பகுதியாயின. நமக்கு மிஞ்சியது பூஜ்யம்.

இதனால் என்ன நட்டம்? அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமான 1996ஆம் ஆண்டு பெசா சட்டப்படி, நிலம் கையகப்படுத்தும் முன் கிராம சபையையோ உரிய ஊராட்சியையோ கலந்தாக வேண்டும். பறிபோன பழங்குடி நிலத்தை மீட்பது, சிறு வனப் பொருள்களின் உடைமை, கந்துவட்டிக் கட்டுப்பாடு ஆகியவற்றிலும் அவற்றுக்கு அதிகாரம் உண்டு. கொல்லிமலையின் கிராம சபைகளுக்கு இவை எதுவும் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அங்கும் செல்லும். ஆனால் 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது.

அட்டவணைப் பகுதியை அறிவிப்பவர் குடியரசுத் தலைவர். அதைக் கேட்க மாநில அரசுக்குத் தடை ஏதும் இல்லை. 1969இல் இராஜமன்னார் குழு அமைத்து, 1974இல் சட்டமன்றத் தீர்மானம் போட்டு, டெல்லியிடம் சுயாட்சி கேட்ட மாநிலம் இது. டெல்லியிடம் கேட்டதில் ஒரு பங்கை மலைக்கும் கொடுக்க வேண்டாமா?

தோழர்களே, சேரிக்கு இது வேற்றுப் பிரச்சினை அல்ல. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்டது, அடிமட்ட அதிகாரம் நம் கைக்கு வருவதைப் பொறுக்காததால்தான். அதிகாரம் கீழே வர வேண்டும். அதற்குச் சட்டத்தின் காவலும் வேண்டும். அடுத்த அக்டோபர் 2 கிராம சபையில் ஒரே ஒரு தீர்மானம் போதும்: கொல்லிமலையை அட்டவணைப் பகுதியாக அறிவிக்க மாநில அரசே, கேள்.