வயர் பொத்திய காலம்

குருநகரின் பழைய பெயர் கரையூர். யாழ்ப்பாண நகரின் தெற்கு ஓரத்தில், கடல்நீரேரியைப் பார்த்தபடி, புனித யாகப்பர் ஆலயத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கி நிற்கும் கடற்றொழிலாளர் ஊர். இதன் கதையை எழுதுகிறவர்கள் தோணியையும் வலையையும் கோயிலையும் எழுதுவார்கள். போர்க்காலத்தை எழுதுகிறவர்கள் 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்ட 30க்கும் மேற்பட்ட மீனவர்களையும், 1993 நவம்பர் 13 அன்று ஆலயத்தின் மீது விழுந்த குண்டையும் எழுதுவார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு திகதிகளுக்கும் முன்னும் பின்னும் வீடுகளுக்குள் மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வானொலிக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள் என்பதே விடை. அந்த வானொலிக்குப் போன வயரை எலி கடித்தது, நாய்க்குட்டி கடித்தது, பூனை பிறாண்டியது. கடிபட்ட வயரை எறியாமல் பொத்திப் பாவித்தார்கள். யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தைப் பேசும்போது இதையெல்லாம் ‘இல்லாமையில் பிறந்த கெட்டித்தனம்’ என்று ஒரே வரியில் புகழ்ந்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அந்தப் புகழ்ச்சி போதாது. இல்லாமை தேவையைக் கொடுக்கும். செய்யும் கையைக் கொடுக்காது. கரையூர் போன்ற ஓர் ஊரில் அந்தக் கை வானொலி வருவதற்கு நெடுங்காலம் முன்பே வலையில் பழகியிருந்தது என்பதுதான் என் வாதம்.

முதலில் வயர் வீட்டுக்குள் வந்த கதையைப் பார்க்க வேண்டும். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. 1949இல் அது இலங்கை வானொலி என்ற பெயரைப் பெற்றது. அந்தக் காலத்து வால்வு றேடியோ வயரோடு பிறந்த பொருள். கூரைக்கு மேலே கட்டிய செப்புக் கம்பி ஏரியல், நிலத்தில் இறக்கிய ஏர்த் வயர், மின்சாரம் இருந்தால் அதற்கொரு வயர், இல்லாவிட்டால் பெரிய பற்றறிக்கு இன்னொன்று. ஆனாலும் இவை மனிதரின் தலைக்கு மேலேயோ சுவரோரத்திலோதான் ஓடின. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது; அநேகமாக எல்லா வயரையும் ஒரே அடியில் இல்லாமல் செய்தது. ஒன்றரை வோல்ட் பற்றறி நான்கைப் போட்டால் பெட்டி தன்பாட்டில் பாடும். தோணிக்குக் கொண்டுபோகலாம், காலநிலை கேட்கலாம், வலை பொத்தும் இடத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஒலியைக் கேட்பதற்கும் வயருக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது என்று அப்போது நினைத்திருந்தால் அதில் பிழையில்லை. கசெற் றெக்கோடரும் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் வீடுகளுக்கு வந்தபோது வயர் கொஞ்சம் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகைக்குள்ளானது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. வடக்கே கொண்டுபோகக் கூடாது என்று தடுக்கப்பட்ட பொருள்களில் எரிபொருளும் இருந்தது, பற்றறியும் இருந்தது. வயரை ஒழித்த டிரான்சிஸ்டர் வாய்மூடியது. தேய்ந்த பற்றறியை வெயிலில் காயவைத்தும் உப்புத்தண்ணீரில் அவித்தும் பார்த்த பிறகு, யாழ்ப்பாணம் முழுவதும் கைவைத்த இடம் சைக்கிள் டைனமோ. இங்கே ஒரு கணக்குப் பொருத்தம் உண்டு: நான்கு பற்றறி சேர்ந்தால் 6 வோல்ட், சைக்கிள் டைனமோவும் 6 வோல்ட். ஆனால் டைனமோ தருவது மாறி மாறித் திசை திரும்பும் மின்சாரம். அதை ஒரே திசைக்குத் திருப்ப நான்கு டயோட்டும், துடிப்பைச் சமன்செய்ய ஒரு மின்தேக்கியும் வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். டைனமோ எரியவைக்க வேண்டிய விளக்கோடு ஒப்பிட்டால் றேடியோ இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. அதனால் வேகமாகச் சுற்றினால் வோல்ட் ஏறிப் பெட்டியின் உயிருக்கே ஆபத்து. மெதுவாகச் சுற்றினால் குரல் தேய்ந்து போகும். சுற்றுகிற கைக்குக் காதுதான் மீற்றர். பிபிசி தமிழோசை முடியும்வரை அந்தத் தாளம் பிசகக் கூடாது.

இந்த ஏற்பாட்டில்தான் வயர் மீண்டும் வந்தது. இந்த முறை கூரையில் அல்ல, நிலத்தில். சைக்கிள் முற்றத்திலோ விறாந்தையிலோ நின்றது. வானொலி உள்ளே இருந்தது. இடையில் இரட்டை வயர் ஒன்று வாசற்படியைக் கடந்து, பாய்க்கு ஓரமாக, அடுப்படிப் பக்கமாக ஓடியது. நாயும் பூனையும் ஆடும் கோழியும் மனிதரோடு நடமாடும் அதே தளம். செல்லப்பிராணி வயரைக் கடிக்கும் தொல்லை எங்கும் உள்ளதுதான். அதை ஒரு ஊரின் அன்றாட வேலையாக மாற்றியது, வயரைச் சுவரிலிருந்து நிலத்துக்கு இறக்கிய தடை. எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் அதற்கு வாழ்வில்லை. நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். முரசு தினவெடுத்த குட்டிக்கு மெதுவான பிளாஸ்ரிக் உறை கிடைத்தால் விடாது. பூனைக்கு ஆடும் வயர் இரை போலத் தெரியும். மீன் அறுத்த கையால் சுருட்டி எடுத்த வயரில் மீன்வாடை இருக்கும் என்பதையும் கரையூரில் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடிபட்ட இடத்தை நெருங்கிப் பார்த்தால் பிரச்சினையின் ஆழம் தெரியும். வெளியே இரண்டு பல் தடம்தான். உள்ளே மயிர் போன்ற செப்பு இழைகளில் பாதி அறுந்து, மீதி நசிந்து கிடக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை. கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. பல் போட்ட ஓட்டைக்குள் அந்த ஈரம் புகுந்து, இழைகளின் இடுக்கு வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இரு பக்கமும் ஏறிக்கொண்டே போகும். சிவப்பாக இருக்க வேண்டிய செம்பு கறுத்து, பச்சைக் களிம்பு பிடிக்கும். மேலே டேப்பைச் சுற்றி மறைத்தால் களிம்பு உள்ளேயே வேலை செய்யும். சில கிழமைகளில் கரகரப்புக் கேட்கும், பிறகு ஒன்றும் கேட்காது. எனவே கடலோரத்தில் வயர் பொத்துவதற்கு முதல் விதி: கடிபட்ட இடத்தைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. செம்பு பளிச்சென்று தெரியும்வரை இரு பக்கமும் நறுக்கித் தள்ள வேண்டும். புது வயர் அரிதான காலத்தில் இருக்கிற வயரில் நாலு விரற்கடையை வெட்டி எறிய மனம் வருவது சின்ன விஷயமல்ல. அடுத்த விதி, இரட்டை வயரின் இரு இழையையும் ஒரே இடத்தில் இணைக்காதே என்பது. ஒன்றைக் குட்டையாகவும் மற்றதை நீளமாகவும் வெட்டி, இணைப்புகள் முன்பின்னாக விழும்படி செய்தால், டேப் நழுவினாலும் ஒன்றோடொன்று முட்டாது. பிறகு ஒரு நுனி மற்றதைச் சுற்றி, மற்றதும் இதைச் சுற்றி, இழுத்தால் இறுகும்படி முறுக்க வேண்டும்.

வலை பொத்துகிறவருக்கு இதில் எதுவும் புதிதல்ல. கிழிந்த வலையைக் கையில் எடுத்தவுடன் ஊசியால் கோக்கத் தொடங்குவதில்லை. முதலில் கத்தி. நண்டோ பேத்தையோ பாரோ கிழித்த இடத்தில் பிசிர்களை அறுத்து, சிலவேளை நல்ல கண்களையும் சேர்த்து வெட்டி, ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். முழு வலையில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு கால்கள் பிரியும். மூன்று கால் மிஞ்சிய முடிச்சு ஒன்றில் தொடங்கி மூன்று கால் மிஞ்சிய இன்னொன்றில் முடியும்படி ஓட்டையை ஒழுங்குபடுத்தினால்தான் கண்கள் ஒரே அளவில் திரும்பி அமையும். ஒழுங்கில்லாமல் இழுத்துக் கட்டினால் அந்த இடம் சுருங்கி, இழுவை முழுவதும் அங்கேயே விழுந்து மறுபடி கிழியும். பழுதை மறைப்பதற்கு முன் பழுதைப் பெரிதாக்கத் துணிவது, எங்கே இழுவை விழும் என்று கைக்குத் தெரிவது, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சைப் போடுவது ஆகிய மூன்றும் வயருக்கும் அப்படியே பொருந்துகின்றன. 1950களிலும் 60களிலும் நைலோன் வலை வந்து பருத்தி வலையை ஓரங்கட்டியபோதும் பொத்தும் வேலை அழியவில்லை. வழுக்கும் நூலுக்கு ஏற்ப முடிச்சு இன்னும் இறுக்கமானது. புதுப் பொருள் வரும்போது பழைய கை தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதற்கு அதுவே சான்று. வயர் அந்தக் கைக்கு வந்த இன்னொரு நூல்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. வலையே தொடாத உரும்பிராயிலும் புத்தூரிலும் வயரை இணைத்துத்தானே வானொலி கேட்டார்கள்? கேட்டார்கள். அங்கே வேலி கட்டிய கையும் பனையோலை பின்னிய கையும் இருந்தன. ஒவ்வோர் ஊரும் தனக்குப் பழகிய முடிச்சோடு வயருக்கு வந்தது என்று சொன்னால் என் வாதம் சுருங்காது, விரியும். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: வலைக்கு முடிச்சு இருந்தால் போதும், வயருக்கு மின்சாரம் கடக்க வேண்டும். இதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். முறுக்கிய வயர் இழுவையைத் தாங்கும். ஆனால் உப்புக் காற்றுப் புகாமல் இருக்க ஈயம் பற்றவைக்க வேண்டும். அதை வலை கற்றுத்தராது. றேடியோ திருத்துகிறவரிடமிருந்தும் தகரக்காரரிடமிருந்தும்தான் அந்தப் பாடம் வர வேண்டும். மின்சாரம் இல்லாதபோது ஈயக்கோலைக் காய்ச்சுவதற்குத் தகரக்காரரின் தணல் தவிர வேறு வழியும் இல்லை. ஆனாலும் இந்த இரு கலைகளும் கடலில் சந்தித்தது இது முதல் தடவை அல்ல. அத்திலாந்திக் கடலடியில் 1865இல் அறுந்து தொலைந்த தந்தி வடத்தை, அடுத்த ஆண்டு ‘கிரேட் ஈஸ்டேர்ன்’ கப்பல் கொக்கி போட்டுத் தூக்கி, நுனியை இணைத்து, மறுகரைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் கால வடங்களின் மரப்பால் உறையைத் துளைத்த கடலுயிரிகளும் இருந்தன. கடல் வடத்துக்கும் விதி அதுதான்: பழுதை வெட்டி எடு, நல்ல நுனியோடு நல்ல நுனியைச் சேர்.

பொத்திய வயரில் ஒலியின் தரம் கெடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். ஒரு மீற்றர் நீளமும் 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்பும் உள்ள செம்பு வயரின் தடை ஏறத்தாழ 0.017 ஓம், நன்றாகச் செய்த இணைப்பு அதையும் விடக் குறைவாகவே சேர்க்கும். 4 ஓமோ 8 ஓமோ உள்ள ஒலிபெருக்கிக்கு முன் அது ஒன்றுமில்லை. கசெற் றெக்கோடரிலிருந்து அம்பிளிபயருக்குப் போகும் மெல்லிய வயர் மட்டும் வேறு கதை. அதில் நடு இழையைச் சுற்றிப் பின்னல் உறை ஒன்று உண்டு. நடுவை இணைத்துவிட்டுப் பின்னலைத் திரும்ப மூடாமல் விட்டால் உம்மென்ற இரைச்சல் உள்ளே வந்துவிடும்.

ஆனால் ஒரு மறுப்புக்கு நான் முழுமையாகத் தலைசாய்க்கிறேன். இந்த வழக்கம் வீடுவீடாகப் பரவ முடிந்ததற்குக் காரணம் அது 6 வோல்ட்டில் நடந்தது. பிழை விட்டால் கை அதிராது. பிள்ளையும் கிழவியும் தொடலாம். 1995 ஒக்ரோபர் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு திரும்பி வந்து, பிறகு படிப்படியாக மின்சாரமும் வந்தபோது, அதே கை 230 வோல்ட் வயருக்கும் போவது இயல்பு. அங்கே அது உயிருக்கு ஆபத்து. சுவரிலிருந்து வரும் மின்வயரை நாய் கடித்தால் பொத்தக் கூடாது. கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தடைக்காலக் கெட்டித்தனத்தைப் புகழும்போது இந்த எல்லையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறோம்.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வயர் மலிந்தது. கடையில் வாங்கும் வயரின் இரு நுனியும் வார்த்து மூடப்பட்டு, திறந்து பார்க்க இடமில்லாமல் வந்தது. காதுக்கு மாட்டும் மெல்லிய வயருக்குள் இருக்கும் செம்பிழைகளுக்கு வண்ண எனாமல் பூசியிருக்கும். அதைச் சுரண்டியோ சுட்டோ நீக்காமல் ஈயம் ஒட்டாது என்பது தெரியாதவர் முயன்றுவிட்டு எறிவார். இவையெல்லாம் சேர்ந்து வயர் பொத்துவதை ஓய்த்துவிட்டன. வலை பொத்துவது குருநகரில் ஓயவில்லை. கிழிந்தது ஒரு முழம் என்றாலும் வலையின் பெறுமதி முழு வலையில் இருப்பதால் அதை எறிய முடியாது. டைனமோ வயரும் அந்த ஐந்து ஆண்டுகளில் அப்படித்தான் இருந்தது: வெளியே என்ன நடக்கிறது, கடலுக்குப் போனவர் எங்கே, எந்தப் பக்கம் போவது என்ற கேள்விகள் எல்லாம் அந்த இரண்டு இழைகளில் தொங்கின. அப்படி ஒரு வயர் இன்னும் எந்த வீட்டிலாவது பிஸ்கற் ரின்னுக்குள் சுருண்டு கிடக்குமானால் தயவுசெய்து குப்பையில் போடவேண்டாம். நாவலர் வீதியிலுள்ள அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி அதற்குத் தகும். விரித்து வைத்தால் பார்ப்பவர் இணைப்புகளை எண்ணலாம். எது அவசரத்தில் செய்தது, எது நறுக்கிச் செம்பு பார்த்துச் செய்தது என்று முடிச்சைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் குருநகரில் இன்னும் இருக்கிறார்கள்.