கொடையாக வந்த பால்பவுடர்

என் தாயார் சிறுமியாக இருந்தபோது, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குக் கோயிலின் தாழ்வாரத்தில் நீண்ட வரிசை நிற்குமாம். அமெரிக்கக் கத்தோலிக்கத் துயர்துடைப்புப் பணியின் வழியாக வந்த பால்பவுடரைப் பெரிய பீப்பாயிலிருந்து அள்ளி, குடும்ப அட்டைக்கு இத்தனை கரண்டி என்று உபதேசியார் அளந்து போடுவார். வெந்நீரில் கரைத்தால் கட்டி தட்டும். ஆனாலும் பிள்ளைகள் பாதியை வீட்டுக்குப் போகும் வழியிலேயே நக்கித் தின்றுவிடுவார்கள். "பால்பவுடருக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்" என்று ஊரார் ஏளனம் பேசியதையும் அம்மா சொல்லியிருக்கிறார். பசியாறியதை நன்றியோடு சொன்ன அதே வாய், அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் சற்று இறுகும்.

கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்ற இந்த நிலையை மாற்ற முடியுமா? இந்தியப் பால்வள வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இக்கேள்வி எழுகிறது. அதே வெளிநாட்டுப் பால்பவுடர் 1970-க்குப் பிறகு வேறொரு வழியாக இந்நாட்டிற்குள் வந்தது. வந்து, வேறொரு வேலையைச் செய்தது.

கதை குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்குகிறது. 1945-இல் பம்பாய் நகரின் பால் திட்டத்திற்குப் பால் அனுப்பும் உரிமை பால்சன் என்ற தனியார் நிறுவனத்திற்குக் கொடுக்கப்பட்டது. லாபம் நிறுவனத்திற்கும் இடைத்தரகருக்கும் போயிற்று. எருமை வளர்த்தவருக்கு மிஞ்சியது சாணம்தான் என்று சொன்னாலும் மிகையாகாது. விவசாயிகள் வல்லபாய் படேலை நாடினர். 1946 சனவரியில் சமர்க்கா என்னும் சிற்றூரில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூடி, இனி தங்கள் சங்கத்தின் வழியாகவே பால் தருவதென முடிவு செய்தனர். பதினைந்து நாள்கள் பம்பாய்க்கு அவர்கள் பால் போகவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் கேடா மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. பிற்காலத்தில் அமுல் என்று உலகறிந்தது அதுதான்.

1949-இல் அங்கு வந்து சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சென்னை லொயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்றவர். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா சென்று படித்ததால், அரசு சொன்ன இடத்தில் பணியாற்றக் கடமைப்பட்டு ஆனந்துக்கு வந்தார். எப்போது கிளம்பலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தார். பின்னர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டார். தம்மை இறைமறுப்பாளர் என்றே அவர் சொல்லிக்கொண்டார். அதனால் என்ன? விதைக்கப்படும் நிலத்தை ஆண்டவர் நம்மைக் கேட்டுத் தெரிவு செய்வதில்லை.

பன்னாட்டு உதவி அங்கு முதலில் வந்தது 1950-களில். குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறக்கும். விற்காத பாலை என்ன செய்வது? எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர் பலர் கூறினர். எச். எம். தலாயா என்ற பால் தொழில்நுட்ப அறிஞர் முடியும் என்று செய்து காட்டினார். யுனிசெப் நிறுவனம் இயந்திரங்களைத் தந்தது. நியூசிலாந்து அரசு கொழும்புத் திட்டத்தின்கீழ் உதவியது. 1955-இல் நேரு அந்த ஆலையைத் திறந்து வைத்தார். யுனிசெப் தந்ததற்கு ஈடாக ஒன்றியம் ஏழைக் குழந்தைகளுக்குப் பால் வழங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வாங்கியவரும் திருப்பிக் கொடுக்கும் நிலையில் நின்ற அந்த உடன்படிக்கை சிறியதுதான். ஆயினும் பின்னால் வந்த பெரிய திட்டத்தின் கரு அதற்குள் இருந்தது.

1964 அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்தை அடுத்த அஜர்புரா கிராமத்தில் ஓரிரவு தங்கினார். சிறு விவசாயிகளின் வீடுகளுக்குள் போய், அவர்களோடு உட்கார்ந்து பேசி, இச்சங்கம் எப்படி நடக்கிறது என்று கேட்டறிந்தார். இதேபோன்று நாடெங்கும் அமைய வேண்டும் என்ற அவரது விருப்பத்திலிருந்து 1965-இல் தேசியப் பால்வள வளர்ச்சி வாரியம் பிறந்தது. அதன் தலைமையகமும் தில்லியில் அல்ல, ஆனந்திலேயே அமைந்தது. விருப்பம் இருந்தது, பணம்தான் இல்லை.

அந்த வேளையில் ஐரோப்பாவில் பால்பவுடரும் வெண்ணெயும் மலையாகக் குவிந்து கிடந்தன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அவற்றை ஏழை நாடுகளுக்கு அனுப்ப முன்வந்தால் என்னவாகும்? பசித்த குழந்தைக்கு அது அருமருந்து. பால் விற்றுப் பிழைக்கும் விவசாயிக்கோ அதுவே நஞ்சு. இலவசமாகவோ மலிவாகவோ பவுடர் நகரத்தில் கொட்டப்பட்டால், ஊரிலிருந்து வரும் பாலை யார் வாங்குவார்? குரியன் இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டார். வருவதைத் தடுக்க முடியாது, ஆனால் எப்படி வரவேண்டும் என்று நாம் சொல்லலாம் என்பது அவர் நிலைப்பாடு.

இந்திய அரசு ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் கொடையாக வந்தன. அவை யாருக்கும் இலவசமாக அளந்து போடப்படவில்லை. அதற்கென அமைக்கப்பட்ட இந்தியப் பால்வளக் கழகம் நகரப் பால் பண்ணைகளுக்கு அவற்றை விற்றது. உள்ளூர்ப் பாலின் விலையை அறுக்காத விலையில் விற்றது. கிடைத்த பணம், ஏறக்குறைய 116 கோடி ரூபாய், குளிரூட்டும் நிலையங்களாகவும் டேங்கர் வண்டிகளாகவும் தீவன ஆலைகளாகவும் கிராமச் சங்கங்களாகவும் மாறியது. ஊர்ப்பால் பெருகப் பெருக, அயல்பவுடரின் தேவை குறையவேண்டும். தன் தேவையைத் தானே ஒழித்துக்கொள்ளும் கொடை இது. 'ஆபரேஷன் ஃபிளட்' என்று பெயரிட்டு 1970-இல் தொடங்கிய இத்திட்டம் முதலில் 18 பால் உற்பத்திப் பகுதிகளைத் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களோடு இணைத்தது. பின்னர் உலக வங்கியும் கடனுதவி அளித்தது. 1985-இல் 43,000 சங்கங்களும் 42 இலட்சத்திற்கு மேற்பட்ட உறுப்பினர்களும் இருந்தனர். மூன்றாம் கட்டம் 1996-இல் நிறைவுற்றது. 1970-இல் சுமார் 2 கோடி டன்னாக இருந்த ஆண்டுப் பால் உற்பத்தி, அந்த வேளையில் 7 கோடி டன்னை நெருங்கியிருந்தது.

எண்களைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது சங்கத்து வாசலின் காட்சி. காலையும் மாலையும் வரிசை. வந்த முறைப்படி ஊற்ற வேண்டும், சாதிப்படி அன்று. ஒரு லிட்டர் கொண்டுவந்தவருக்கும் இருபது லிட்டர் கொண்டுவந்தவருக்கும் பாலின் கொழுப்பைச் சோதித்து ஒரே கணக்கில் விலை. ஒரே கேனில் கலந்த பின் இது எந்தத் தெருவின் பால் என்று பிரிக்க எவராலும் முடியாது. எல்லா ஊரிலும் இது எளிதில் நடந்தேறியது என்று நான் சொல்லமாட்டேன். 1976-இல் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' திரைப்படம் இந்தப் போராட்டத்தையே பொருளாகக் கொண்டது. குஜராத்தின் ஐந்து இலட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு அப்படத்தைத் தயாரித்தனர் என்பது வாசகர்கள் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

குறை கூறியவர்களும் இருந்தனர். அவர்கள் கூறியது முழுதும் பொய்யன்று. 1983-இல் கிளாட் ஆல்வாரஸ் எழுதிய கட்டுரை பெரும் புயலைக் கிளப்பியது. வெளிநாட்டுப் பவுடரைச் சார்ந்தே திட்டம் நிற்கிறது, ஏழையின் பால் நகரத்துப் பணக்காரன் வீட்டுக்குப் போகிறது என்பன அவர் வாதங்கள். அதன்பின் எல். கே. ஜா தலைமையிலான குழு திட்டத்தை மதிப்பிட்டது. அயல்பவுடரைச் சார்ந்திருத்தல் காலப்போக்கில் தீர்ந்தது. 1998-இல் பால் உற்பத்தியில் இந்தியா அமெரிக்காவை முந்தியது. ஆனால் புல்லுக்கும் நிலமில்லாதவர் மாடு வைத்து என்ன செய்வது என்ற கேள்வி தீரவில்லை. இன்னொன்றும் தீரவில்லை. தீவனம் போடுவதும் சாணம் அள்ளுவதும் கறப்பதும் பெண்; உறுப்பினர் பெயர் ஆணுடையது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து மகளிர் பால் சங்கங்கள் தனியே அமைக்கப்பட்டன. உலக வங்கி உதவியோடு 2012 முதல் 2019 வரை நடந்த தேசியப் பால்வளத் திட்டமும் பெண்களைச் சேர்ப்பதை ஒரு நோக்கமாகக் கொண்டிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில் ஒரு கைம்பெண் என்னிடம் வந்தார். கணவர் இறந்து ஐந்து மாதங்கள். இரண்டு மாடுகளின் பாலை நாள் தவறாமல் சங்கத்தில் ஊற்றிவந்தார்; பணமோ இறந்தவரின் பெயரில் இருந்த கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது, எடுக்க வழியில்லை. "புல்லு அறுத்தது நான், கறந்தது நான், சாமி. சங்கத்துல பேரு மட்டும் அவருது" என்றார். என் அறையிலேயே அமர்ந்து மனு எழுதினோம். உறுப்பினர் பெயர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் பேனாவை வாங்கி, கணவர் பெயரை எழுதத் தொடங்கினார். இரண்டு எழுத்து எழுதிய பிறகு நிறுத்தி, அதை அடித்துவிட்டு, தம் பெயரை மெதுவாக எழுதினார்.