யுரேனிய ஆலையும் கிராமப் பாதையும்

ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்து யூனிஸ் நகரிலுள்ள யுரேனியச் செறிவூட்டல் ஆலையின் விரிவாக்கம் 2015இல் சுற்றாடல் மதிப்பீட்டின் பின் அனுமதிபெற்றது. அவ்வாலையை நிறுவியோரின் முதல் முயற்சி லூயிசியானாவில் தோல்வியுற்றமையையே நாம் ஈண்டு நோக்குகின்றோம்.

அங்கு ஹோமர் நகரருகே தெரிவுசெய்யப்பட்ட நிலம், விடுதலைபெற்ற அடிமைகள் அமைத்த ஃபொரெஸ்ற் குரோவ், சென்ரர் ஸ்பிறிங்ஸ் ஆகிய கறுப்பினக் கிராமங்களுக்கு இடையே கிடந்தது. இரண்டையும் இணைத்த பாதை ஆலைக்காக விலக்கப்படவிருந்தது. மேலதிகத் தூரம் அரை மைலுக்கும் குறைவே. ஆதலின் பாதிப்பு மிகச் சிறிதென்றது 1994ஆம் ஆண்டின் சுற்றாடல் தாக்க அறிக்கை. வாகனத்திற் செல்வோருக்கு அது பொருந்தும். ஆயின் அக்கிராமத்தவருள் வாகனமற்றோர் பலர். அவர்கள் நடந்தே சென்றனர். கதிரியக்கத்தையும் நிலத்தடி நீரையும் ஆராய்ந்த அறிக்கை, நடப்போரைக் குறிப்பிடவேயில்லை! சமூகவியலாளர் ரொபேட் புல்லார்ட் கிராமத்தவர் சார்பிற் சாட்சியமளித்தார்.

1997இல் அணுசக்தி உரிமச் சபை அனுமதியை மறுத்தது. மறுவருடம் மேல்முறையீட்டிலே, அணுசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இடத்தெரிவில் இனப்பாகுபாடு உண்டா என்னும் விசாரணையைத் தவிர்த்தது. இஃது எமக்கு ஏற்புடைத்தன்று. எனினும் பாதை பற்றியும் நிலமதிப்பு பற்றியும் மீளாய்வு வேண்டுமென்பதை அது உறுதிசெய்தது. அம்மீளாய்வு நிகழுமுன்னரே, அதே மாதத்தில், நிறுவனம் விண்ணப்பத்தை மீளப்பெற்றது.